34 வாரம் ஆகிறது, பால் கொடுக்க இப்போதே என்ன செய்யணும்?

தக்கலைக்காரி:
முதல் பேறுகாலம். ஒரு பக்கக் காம்பு உள்ளே அமுங்கியே இருக்கிறது. தினமும் குளிக்கும்போது இழுத்துவிடச் சொல்கிறார் மாமி. பிள்ளை பிறந்ததும் சேனை என்று சீனித்தண்ணி தொட்டு வைக்கணுமாம், மஞ்சளாக வரும் முதல் பாலைப் பீச்சிக் களையணுமாம். மூன்று பிள்ளை வளர்த்தவர், பாசத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

குளச்சல் அக்கா:
மக்களே, எனக்கும் இடது பக்கம் அப்படித்தான். இப்போது இழுக்காதே. காம்பைத் தூண்டினால் கருப்பை சுருங்கத் தொடங்கலாம். சோப்பும் வேண்டாம், தோல் வறண்டு போகும். வெறும் தண்ணி போதும்.

எனக்கு சிசேரியன். இரண்டு நாள் பிள்ளை காம்பு நுனியை மட்டும் பிடித்து இழுத்தான். வெடித்து ரத்தம் கசிந்தது, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு நர்ஸம்மா வந்து உட்கார்ந்தார். அவன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, காம்பால் மேலுதட்டைத் தொட்டார். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறந்ததும் சட்டென்று சேர்த்து அணைத்தார். கீழுதடு வெளியே மடிந்தது, தாடை மார்பில் அமுங்கியது, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போய்விட்டது. வலி குறைந்தது. அவன் முழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அமுங்கிய காம்பாக இருந்தாலும் பிள்ளை கவ்வ வேண்டியது கருவட்டத்தைத்தான். இதை யாராவது முன்னாலேயே காட்டியிருந்தால் அந்த இரண்டு நாள் அழுதிருக்க மாட்டேன். நீ இப்போதே ஒரு துண்டைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி வைத்துப் பழகு.

கிராம செவிலியர்:
அடுத்த செக்கப்பில் காம்பைக் காட்டுங்கள் அம்மா, கூச்சம் வேண்டாம். மாமியையும் கூட்டி வாருங்கள், நானே சொல்கிறேன். அந்த மஞ்சள் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் சத்து இருக்கிறது. கொஞ்சமாகத்தான் வரும், பிறந்த பிள்ளையின் வயிறும் சின்னதுதான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடணும். சீனித்தண்ணி வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் பிள்ளை தினமும் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மார்த்தாண்டம் மைனி:
உளுந்தங்கஞ்சி, சாளைக்கறி, முருங்கைக்கீரை எல்லாம் நன்றாகச் சாப்பிடு. ஆனால் பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்.

தக்கலைக்காரி:
அக்கா சொன்னபடி துண்டைச் சுருட்டி மடியில் வைத்துப் பார்த்தேன். மாமி வந்து என்னவென்று கேட்டார், சொன்னேன். ‘தலையை இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடி’ என்று என் முழங்கையைத் திருத்தி வைத்தார். வியாழக்கிழமை செக்கப்புக்கு அவரும் வருகிறார்.