கும்மி தட்ட நாலு பேர் வேண்டும்

அக்காமார், அண்ணன்மாருக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கிறேன், வயது 66. சர்க்கரை உண்டு, இடது முழங்காலில் வலியும் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடந்தால் அலுத்துப்போகிறது. முளைப்பாரிக்குக் கும்மி தட்டியபோது மட்டும் முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. (மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, அது வேறு கதை.)

65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கும்மியில் இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று நினைக்கிறேன்.

அதிகம் குனியாமல் தட்டும் மெதுவான அடி யாருக்காவது தெரியுமா? கடற்கரை மணலில் ஆடலாமா, சிமெண்ட் தரையே மேலா? மணலில் கால் புதைந்து சுளுக்குமோ என்று பயம். அப்புறம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் சாயங்காலம் சேர்ந்து ஆட வருகிறவர்கள் சொல்லுங்கள். பாட்டு நான் பாடுகிறேன்.