மத்திய அமெரிக்காவில் எட்டு வாரம்: அலைச்சறுக்குப் பலகையுடன் தரைவழிப் பயணம், ஆலோசனை தேவை

உல்லைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ரொறன்ரோவில் வசிக்கிறோம். இருவரிடமும் கனடியக் கடவுச்சீட்டு இருக்கிறது. வரும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து எட்டு வாரங்களுக்குச் சம்பளமற்ற விடுப்பு கிடைத்திருப்பதால், மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரமாக முதுகுப்பையுடன் தரைவழியே பயணித்து, வழியெங்கும் அலைச்சறுக்கில் ஈடுபட எண்ணியுள்ளோம். ஊருக்குப் போகும்போதெல்லாம் இலங்கையின் அறுகம்பையில் பழகியவன் என்பதால் தோளளவு அலைவரை எனக்கு அச்சமில்லை. மனைவி அங்கே தொடக்கநிலையாளருக்கான பேபி பொயின்ட்டில் இரண்டு வாரம் பயின்றதோடு சரி.

குவாத்தமாலாவில் தொடங்கி எல் சல்வடோர், ஹொண்டுராஸ், நிக்கராகுவா, கொஸ்தாரிக்கா, பனாமா என்று ஆறு நாடுகளையும் கடந்து, நாள் மீந்தால் பேருந்திலேயே கொலம்பியா வரை போகலாம் என்பது இப்போதைய திட்டம். இது நடைமுறைக்கு ஒத்துவருமா? பலகையைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? ஒவ்வொரு நாட்டிலும் 90 நாள் தங்கலாம் என்று படித்தது சரிதானா?

தெற்கலை எழுதியது:

முதலில் கொலம்பியாவை மறந்துவிடுங்கள். பான் அமெரிக்க நெடுஞ்சாலை பனாமாவின் யவீசா என்ற ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தாரியென் பகுதியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குக் காடும் சதுப்புமே உள்ளன, சாலை இல்லை, ஆகவே பேருந்தும் இல்லை.

அடுத்து, ஆறு நாடுகள் என்ற கணக்கையும் பாதியாகக் குறைக்கச் சொல்வேன். நீங்கள் போகும் மாதங்களில் அந்தக் கரைக்கு அலை வருவது தெற்குப் பெருங்கடலில், நியூசிலாந்துக்குக் கீழே வீசும் குளிர்காலப் புயல்களிலிருந்து. அறுகம்பைக்கு இந்து சமுத்திரத்தின் வழியே அலை அனுப்புவதும் அதே தெற்குப் பெருங்கடல்தான் என்பதால் இது உங்களுக்குப் புதிதாக இராது. அப்படி வரும் அலைத்தொடர், அதாவது ஸ்வெல், ஒரு வாரத்துக்கு மேல் கடலில் பயணம் செய்து கரையைத் தொட்டு, மூன்று நான்கு நாள் உச்சத்தில் நின்று, பிறகு தணிந்துவிடும். அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு நாளாவது தங்குபவனுக்கு ஒரு நல்ல ஸ்வெல்லாவது வாய்க்கும். நான்கு நாளுக்கொரு முறை மூட்டை கட்டுபவன், அலை வந்த நாளில் எல்லைச் சாவடி வரிசையில் நிற்பான். என் முதல் பயணத்தில் நான் நின்றேன். திரும்பி வந்தபோது என்னிடம் ஐந்து நாட்டு முத்திரைகள் இருந்தன. நினைவில் நிற்கும்படி ஓடிய அலைகளோ இரண்டு மூன்றுதான்.

ஆகவே எல் சல்வடோர், நிக்கராகுவா, கொஸ்தாரிக்கா ஆகிய மூன்று மட்டும் போதும் என்பது என் கருத்து. சான் சல்வடோருக்கு விமானத்தில் இறங்கினால், லா லிபர்தாத் கரை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்குள்ள புன்டா ரோக்கா, பாறைமுனையைச் சுற்றி உடைந்து நெடுந்தூரம் ஓடும் வலப்புற அலை. பெரிய நாள்களில் நீங்கள் கரையிலிருந்து பார்ப்பதே நல்லது, ஏனெனில் அடியில் இருப்பவை உருண்டைக் கற்கள். சற்று மேற்கே எல் சுன்சால் மென்மையானது, மெதுவாக உடைவது. 2021 இல் ஒலிம்பிக் தகுதிக்கான உலகப் போட்டி நடந்த இடங்களுள் ஒன்று என்றாலும், சிறிய நாள்களில் உங்கள் தரத்துக்கு மிகவும் ஏற்றது.

நிக்கராகுவாவின் சிறப்பு காற்று. ரிவாஸ் பகுதியில் நிக்கராகுவா ஏரிக்கும் பசிபிக்குக்கும் இடையே மிஞ்சியிருப்பது சுமார் 20 கிலோமீட்டர் நிலம் மட்டுமே. கரீபியன் பக்கமிருந்து வரும் காற்று ஏரியைத் தடையின்றிக் கடந்து, கரையிலிருந்து கடல்நோக்கி வீசி, அலையின் முகத்தைச் சீவிவிட்டாற்போல் வைத்திருக்கும். மற்ற இடங்களில் காலை பத்து மணிக்கெல்லாம் கடற்காற்று திரும்பி அலையைக் குலைத்துவிடும். அந்தப் பகுதியிலுள்ள போபோயோ கடற்கரையிலோ பிற்பகலிலும் தாராளமாக இறங்கலாம். உங்கள் மனைவிக்கு சான் ஹுவான் தெல் சூரை அடுத்த மதேராஸ் கடற்கரையைப் பரிந்துரைக்கிறேன். அடியில் மணல், பயிற்றுநர்களும் உண்டு.

90 நாள் பற்றிப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹொண்டுராஸ், நிக்கராகுவா ஆகிய நான்கும் 2006 இல் செய்துகொண்ட சி.ஏ.-4 உடன்படிக்கையின்படி, அந்த 90 நாள் நான்குக்கும் சேர்த்துத்தான். எட்டு வாரத்துக்கு அது தாராளம். கொஸ்தாரிக்கா தனிக் கணக்கு. நிக்கராகுவாவிலிருந்து அதற்குள் நுழையும் பேஞாஸ் பிளாங்காஸ் எல்லையில், நாட்டைவிட்டு வெளியேறும் பயணச்சீட்டைக் கேட்பார்கள். சான் ஹொசேயிலிருந்து ரொறன்ரோ திரும்பும் விமானச்சீட்டை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் போதும்.

எல் சல்வடோரிலிருந்து நிக்கராகுவா போக ஹொண்டுராஸைக் கடந்தே ஆகவேண்டும். எல் அமத்தீயோவில் நுழைந்து, சொலுத்தேக்கா வழியாகக் குவாசௌலேயில் வெளியேறும் பாதை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்படும் பயணிகள் வேனில் ஏறினால் ஒரே நாளில் இரண்டு எல்லைகளும் முடிந்துவிடும். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் இருக்க வேண்டாம்.

ஈரப்பை எழுதியது:

தெற்கலை சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் அவர் உங்களுக்காக மட்டுமே திட்டமிடுகிறார், உங்கள் மனைவிக்காக அல்ல. ஜூன், ஜூலையில் அந்தக் கரையில் தலைக்கு மேலெழும் அலை சாதாரணம். இரண்டு வாரம் மட்டுமே பயின்ற ஒருவர் பாதி நாள்களைக் கரையில் குடையோடு கழிக்க நேரும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்பதையும் மறக்கக் கூடாது. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் என்றாலும் கடற்கரைக்குப் போகும் மண்சாலைகள் சேறாகிவிடும், துவைத்த துணி காயவே காயாது.

நான் தொடக்கநிலையில் இருந்தபோது ஜனவரியில் போனேன். அலை இடுப்பளவு, வானம் தெளிவு, ஒவ்வொரு நாளும் தண்ணீரில் இருந்தேன். ஒரே ஒரு வியப்பு: வெப்பமண்டலம் என்று நம்பி நீச்சலுடை மட்டும் கொண்டுபோனவள், நிக்கராகுவாவின் தெற்கில் நடுங்கிப்போனேன். அந்த மாதங்களில் பப்பகாயோ என்ற காற்று கடுமையாக வீசி, மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது.

விடுப்பை மாற்றவே முடியாது என்றால், கொஸ்தாரிக்காவின் தமரின்டோவில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தங்குங்கள். அங்கே மணல் கரை, பயிற்சிப்பள்ளிகள் ஏராளம். விலைதான் மற்ற இரு நாடுகளைவிடக் கூடுதல். கழிமுகத்தை நீந்திக் கடந்து அக்கரைக்குப் போகச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அங்கே முதலைகள் உண்டு. படகுக்குச் சிறிது காசு கொடுத்தால் போதும்.

கணக்கர் எழுதியது:

பலகை பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. உங்களுக்கு ஒன்று மட்டும் கொண்டுபோகலாம், ஏழு அடிக்கு மேல் வேண்டாம். உள்ளூர்ப் பயணத்துக்கு ஓடுபவை அமெரிக்கப் பள்ளிகள் கழித்துவிட்ட பழைய பேருந்துகள். பலகை கூரைமேல் ஏறும், அல்லது நடைபாதையில் எல்லாருடைய முழங்காலுக்கும் இடையூறாகக் கிடக்கும். பலகையின் அடியிலுள்ள துடுப்புகளை, அதாவது ஃபின்களை, கழற்றித் துணிகளுக்கிடையே வையுங்கள். மனைவிக்கு நுரைப்பலகையை எங்கும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி, எல் சல்வடோரின் எல் துன்கோவில் பழைய பலகையொன்றை வாங்கி, பயணம் முடியும் இடத்தில் விற்றுவிடுவது. விமான நிறுவனம் பலகைக்கு வாங்கும் கட்டணத்தை இருவழிக்கும் கூட்டிப் பார்த்தால் இதுவே இலாபம் என்று தெரியும்.

காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவின் மருத்துவத் திட்டம் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்குவதற்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலரே தரும். எலும்பு முறிவுக்கு அது எம்மாத்திரம்? தனியார் காப்புறுதி எடுக்கும்போது அலைச்சறுக்கு விலக்கப்பட்ட விளையாட்டுகளில் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். எல் சல்வடோரில் அமெரிக்க டொலரே நாணயம் என்பதால் அங்கே மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனால் எங்கு போனாலும் சிறிய தாள்களாக வைத்திருங்கள், கிழிந்த தாளை வாங்க மாட்டார்கள்.

உல்லைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. விடுப்பை மாற்ற இயலாது. எனவே ஈரப்பை அக்கா சொன்னதை மனைவிக்கு அப்படியே படித்துக் காட்டினேன், முடிவை அவரே எடுத்துவிட்டார். எல் சல்வடோரில் இரண்டு வாரம் எனக்காக, நிக்கராகுவாவில் மூன்று வாரம் இருவருக்குமாக, தமரின்டோவில் மூன்று வாரம் அவருக்காக. பனாமா இன்னொரு முறைக்கு. ஆனால் கொஸ்தாரிக்காவின் தெற்கில் பவோனெஸ் என்றோர் இடம் இருக்கிறதாமே, இடப்புறமாக ஒரு கிலோமீட்டர் வரை ஓடும் அலை என்று படித்தேன். அதற்கு நான்கு நாள் ஒதுக்கலாமா? அலைகளை மேலிருந்து படமெடுக்கச் சிறிய ட்ரோன் ஒன்றும் கொண்டுவருகிறேன்.

தெற்கலை எழுதியது:

பவோனெஸுக்கு நாள் ஒதுக்காதீர்கள் தம்பி, அதற்கு அலை வரும்போது போங்கள். வலிய தெற்கு ஸ்வெல் இல்லாத நாளில் அங்கே பார்க்க ஒன்றும் இராது. தமரின்டோவில் இருந்தபடி அலை முன்னறிவிப்பைக் கவனித்துவாருங்கள். அலைக்கு அலை இடைவெளி 16 நொடிக்கு மேல் காட்டினால், மனைவியைப் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு அன்றே தெற்கே பேருந்து ஏறுங்கள். ஒரு முழு நாள் பிடிக்கும்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நிக்கராகுவாவில் அதற்குத் தடை இருக்கிறது. எல்லையில் பையைத் திறந்து பார்த்தார்களானால் பறித்துவைத்துக்கொள்வார்கள்.