மறு: ‘ரீப்ளே வேல்யூ’ – மறுசுற்று ஈர்ப்பு என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். வீடியோ ஆட்டம் ஒன்றை முடித்த பிறகும் மறுபடி ஆட இழுக்கும் குணத்தை ஆங்கிலத்தில் ‘ரீப்ளே வேல்யூ’ என்கிறார்கள். அதற்கு ‘மறுசுற்று ஈர்ப்பு’ என்றும், ஆடுகிறவரை எரிச்சலூட்டும் கடினத்துக்குக் ‘கடுப்புக் கடினம்’ என்றும் தமிழில் வைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். நேற்றிலிருந்து அதற்கு வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்.

> ‘மறுஆட்ட மதிப்பு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மறுஆட்டம் என்றதும் ரத்தான போட்டியைத் திரும்ப நடத்துகிறார்கள் போல என்றுதான் முதலில் தோன்றும். அதைவிட எனக்கு உறுத்துவது ‘மதிப்பு’. ஆட்டத்தை முடித்த கையோடு மறுபடி தொடங்குகிறவர் மதிப்புப் போட்டுப் பார்த்தா தொடங்குகிறார்? அது இழுக்கிறது, அவர் போகிறார். அதனால்தான் ஈர்ப்பு. ‘ஆர்வம்’ என்றும் ஒரு மடலில் வந்தது. ஆர்வம் ஆடுகிறவரிடம் இருப்பது. நாம் பெயர் தேடுவது ஆட்டத்தின் குணத்துக்கு.

> மீளாட்டம்?

கேட்க அழகு. ஆனால் மீளாத்துயர், மீளாத்துயில் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, போனால் திரும்பி வரமுடியாத ஆட்டம் என்று தெரிகிறது. (சில ஆட்டங்களுக்கு அதுவும் பொருத்தம்தான், விடுங்கள்.)

ஏன் ‘மறுசுற்று’? மறுபடி ஆடுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. விழுந்த இடத்திலேயே எழுந்து அதே பள்ளத்தை இன்னொரு தடவை தாண்டிப் பார்ப்பது ஒன்று. அது மறுமுயற்சி. முழுப் பயணத்தையும் புதிதாகத் தொடங்குவது மறுசுற்று. 1985இல் கேப்காம் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ ஆட்டத்தில் கடைசி எதிரியை வீழ்த்தியதும், நடந்ததெல்லாம் மாயை என்று சொல்லி முதல் கட்டத்துக்கே அனுப்பிவிடுவார்கள். முன்னைவிடக் கடினமாக எல்லாவற்றையும் இன்னொரு முறை முடித்தால்தான் உண்மையான முடிவு கிடைக்கும். கணக்குப்படி மறுசுற்று போயாயிற்று. ஈர்ப்பு எங்கே? கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் போனோம். இந்த ஒரு ஆட்டத்துக்காகவே ‘மறுசுற்று’, ‘ஈர்ப்பு’ இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்பேன்.

1980இல் வந்த ‘ரோக்’ இதற்கு நேர் எதிர். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நிலவறையின் அமைப்பே மாறிவிடும். பழைய புதிரை யாரும் நம் தலையில் மறுபடி கட்டுவதில்லை. அந்த வழியில் வந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது ‘நேற்று நாலு சுற்று போனேன்’ என்பது இயல்பாகவே வாயில் வருகிறது. சுற்று என்ற சொல்லுக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

> ‘கடுப்பு’ பேச்சுச் சொல். ‘விரக்தியூட்டும் கடினத்தன்மை’ என்பதே கௌரவம்.

இங்கேதான் கடுமையாக மறுக்கிறேன். விரக்தி என்பது பற்று விட்டுப்போவது. அதே எதிரியிடம் முப்பதாவது முறை தோற்று, கையில் இருப்பதைச் சுவரில் எறியப் போகிறவரிடம் இருப்பது பற்றின்மையா? பற்று தலைக்கேறிய நிலை அது! கடுப்பு பேச்சுச் சொல் என்றால் வயிற்றுக்கடுப்பையும் நீர்க்கடுப்பையும் என்ன செய்வது?

தவிர, கடினம் வேறு, கடுப்பு வேறு. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ நல்ல கடினம். ஆனால் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். தப்பு எங்கே நடந்தது என்பதும் தெரியும். கடுப்பு ஏற நேரமே இல்லை. 2011இன் ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தில் பெரிய எதிரியிடம் தோற்றால், கடைசியாக இளைப்பாறிய தீமூட்டத்திலிருந்து அவன் வாசல் வரை மறுபடி நடக்கவேண்டும். எனக்குக் கடுப்பு சண்டையில் வந்ததைவிட அந்த நடையில் வந்ததே அதிகம். அந்த நடைக்கும் ஒரு பெயர் வைக்கலாம்: தண்டநடை. தண்டனை என்றும் கொள்ளலாம், வீண் என்றும் கொள்ளலாம், இரண்டும் உண்மை.

> கடினம் இருந்தால்தான் திரும்ப ஆடத் தோன்றும், ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

‘ஹேடிஸ்’ (2020) ஆட்டத்தைப் பாருங்கள். அதில் விரும்பினால் ஒரு சலுகை முறையை இயக்கலாம். எடுத்த எடுப்பில் நமக்கு விழும் அடி 20% குறையும், அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2%. கடினம் கரைந்துகொண்டே போகிறது. ஆனாலும் செத்து வீடு திரும்பும்போதெல்லாம் கதை ஓரடி நகர்வதால் அடுத்த சுற்றுக்குக் கால் தானாகப் போகிறது. கடினம் குறைந்தும் ஈர்ப்பு நிற்கிறது. ஒரே சொல் எப்படிப் போதும்?

சரி, என் பட்டியல்: மறுமுயற்சி, மறுசுற்று, மறுசுற்று ஈர்ப்பு, கடுப்புக் கடினம். நாலாவதில் ‘கடு’, ‘கடி’ என்று ஒரே மாதிரி ஒலி அடுத்தடுத்து வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தண்டநடைக்கு மட்டும் இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.