பழைய டாக்டர் போனதிலிருந்து அம்மா மாத்திரை போடுவதில்லை, வழி சொல்லுங்கள்

நாங்கள் ஏற்காடு. அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பல வருடமாகச் சேலத்தில் ஒரே டாக்டரிடம்தான் காட்டினார். அவர் பொங்கலுக்குப் பிறகு கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு கோவைக்குப் போய்விட்டார். அதிலிருந்து அம்மா வேறு யாரிடமும் வர மாட்டேன் என்கிறார். போன வாரம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் டெஸ்ட்) 9.8, அதிகம்தான், ராத்திரியில் பாதம் எரிகிறது என்கிறார், இடது குதிகாலில் வெடிப்பு வேறு.

அந்த டாக்டர் குனிந்து தன் கையாலேயே அம்மாவின் பாதத்தைத் தடவிப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே "அக்கா, மிளகு பறிச்சாச்சா?" என்று கேட்பார். அப்பா இறந்தபோது வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தவர். அந்த இடத்துக்கு இன்னொருவரை அம்மாவால் நினைக்க முடியவில்லை, எனக்கும் அது புரிகிறது.

கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிச் சேலத்தில் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார், அம்மா வாயே திறக்கவில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், அட்டை பிரிக்காமல் டப்பாவில் கிடக்கிறது. தம்பி கோபப்பட்டும் பார்த்தான், அப்புறம் இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பழைய டாக்டரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. வைத்தியம் கேட்கப்போவதில்லை, புது டாக்டரிடம் போகச் சொல்லி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். குழுவில் உள்ள டாக்டர்களே, ஓய்வில் இருப்பவரிடம் இப்படிக் கேட்கலாமா?