புதுப்பிப்பு: பள்ளிக்கரணைப் பறவை ஜீன் (zine) சந்தைக்குப் போய் வந்தது

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பறவைகளை வரைந்து கையால் ஒரு குட்டி ஜீன் (நாமே செய்து விற்கும் சிற்றிதழ்) செய்கிறேன், எந்தக் காகிதம், என்ன விலை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு. பின் அடிக்காமலே எட்டுப் பக்கம் கிடைத்துவிடுகிறது. காகிதம் 80 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) போதும். கனமான தாளில் மடிப்பு வெடித்து, நீலத் தாழைக்கோழியின் கழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. ஜெராக்ஸ் மெஷின் ஓரத்தைக் கொஞ்சம் விட்டுத்தான் அடிக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் படங்களை உள்ளே தள்ளியே வரைந்தேன்.

விலை 50 ரூபாய். "ஒரு தாள்தானே தம்பி, சும்மா குடுக்கலாமே" என்றார் ஒரு அம்மா. (சிரித்து வைத்தேன்.) விற்றுக் கொடுத்தது பறவைகள் இல்லை, பின்பக்கம்தான். தாளை முழுசாக விரித்தால் சதுப்புநில வரைபடம், 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த தகவலோடு. பெருங்குடிக்காரர் ஒருவர் அதில் தன் தெருவை விரலால் தேடிக்கொண்டே நின்றார், அப்புறம் இரண்டு வாங்கினார்.

அடுத்தது வேடந்தாங்கல். மடிக்க ஆள் வேண்டும், டீ என் செலவு.