கார்னிவல் மசாலா டோனட்: மாவு எழும்பவே இல்லை, எங்கே தப்பு?

கொலோன்_அடுப்படி

வணக்கம். அடுத்த வியாழன் வைபர்ஃபாஸ்ட்நாஹ்ட், அதாவது ஜெர்மனியில் கார்னிவலின் பெண்கள் நாள். கொலோனில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். காலை 11:11 மணிக்குக் கொண்டாட்டம் தொடங்கிவிடும், பெண்கள் கத்தரிக்கோலோடு சுற்றி வந்து ஆண்களின் டையை வெட்டுவார்கள், அதற்குமேல் அலுவலகத்தில் வேலை என்று ஒன்று நடக்காது. எங்கள் குழுவில் ஆளுக்கொரு பலகாரம் கொண்டு வர வேண்டும். நான் வாய் சும்மா இல்லாமல் "24 மசாலா டோனட்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் சின்ன ஜன்னல் ஒன்றுதான். எண்ணெய் வைத்துப் பொரித்தால் மூன்று நாளுக்கு வாசனை போகாது, அதனால் ஓவனில் சுடலாம் என்று முடிவு. நேற்று ஒத்திகை பார்த்தேன். படுதோல்வி.

அளவு: 550 வகைக் கோதுமை மாவு (ஜெர்மன் கடைகளில் கிடைக்கும் வெள்ளை மாவு) 500 கிராம், சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 80 கிராம், முட்டை 2, பால் 220 மி.லி., உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (7 கிராம்), உப்பு 8 கிராம். மசாலாவுக்குப் பட்டைத்தூள் 2 மேசைக்கரண்டி, கிராம்புத்தூள் 1 தேக்கரண்டி, ஏலக்காய், சாதிக்காய் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தேன்.

இரண்டரை மணி நேரம் ஆகியும் மாவு அப்படியே உட்கார்ந்திருந்தது. சரி, ஓவனில் எழும்பும் என்று நினைத்து 200 டிகிரி உம்லுஃப்ட்டில் (ஓவனின் விசிறி ஓடும் முறை) 18 நிமிடம் வைத்தேன். வந்தது டோனட் இல்லை, ஓட்டை போட்ட பிஸ்கட். மகன் ஒன்றை மேசையில் தட்டிக் காட்டினான், சத்தம் வந்தது.

இதே ஈஸ்ட், இதே மாவில் போன மாதம் பன் செய்தேன், பஞ்சு போல வந்தது. அப்புறம் இப்போது என்ன ஆனது?

ரொட்டிக்காரன்

ஈஸ்ட் செத்திருக்கும். பால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினீர்களா? 55 டிகிரிக்கு மேல் போனாலே ஈஸ்டுக்கு ஆபத்து. விரலை விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கொலோன்_அடுப்படி

பால் இளஞ்சூடுதான் அண்ணா. சந்தேகத்துக்கு இன்று அதே பெட்டியிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து, 100 மி.லி. பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு கலந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் நன்றாக நுரைத்தது. ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது.

ரொட்டிக்காரன்

அப்படியானால் முட்டையும் வெண்ணெயும் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தவையா? பால் இளஞ்சூடாக இருந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து மாவைக் குளிர்வித்துவிடும். பிப்ரவரி மாதச் சமையலறை வேறு. பிசைந்த மாவு 26 டிகிரி பக்கம் இருப்பது நல்லது. இல்லையென்றால் ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போடுங்கள்.

யாழ்_அடுப்பு

ரெண்டு பேரும் மசாலாப் பட்டியலைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தங்கச்சி, போன மாதப் பன்னில் பட்டை போட்டீர்களா?

கொலோன்_அடுப்படி

இல்லை அக்கா. ஏலக்காய் மட்டும், அதுவும் அரைத் தேக்கரண்டி.

யாழ்_அடுப்பு

அதுதான் விஷயம். பட்டைக்கு அந்த மணத்தைத் தருவது சின்னமால்டிஹைடு. அது பூஞ்சையை அடக்கும் சாமான், ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதானே. கிராம்பில் இருக்கும் யூஜினாலும் அதே குணம். ஊறுகாயும் இறைச்சியும் கெடாமல் இருக்க நம் ஆட்கள் இவற்றைப் போட்டது சும்மா இல்லை. நீங்கள் போட்ட இரண்டு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 15 கிராம் வரும், அதாவது மாவின் எடையில் 3 சதவீதம். கூடவே கிராம்பு. ஈஸ்ட் சாகவில்லை, கட்டிப் போட்டாச்சு.

சினமன் ரோலைப் பாருங்கள். அவ்வளவு பட்டை போடுகிறார்களே, ஆனால் மாவுக்குள் போடுவதில்லை, விரித்த மாவின் மேல் தூவிச் சுருட்டுகிறார்கள். காரணம் ருசி மட்டும் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன்.

ஒரு சிட்டிகை போட்டால் ஒன்றும் ஆகாது. அரைத் தேக்கரண்டி வரை மாவில் போகட்டும், மிச்சமெல்லாம் வெளியே.

ரொட்டிக்காரன்

இரட்டிப்பு ஈஸ்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போட்டிருந்தால் ஈஸ்ட் வாடைதான் மிஞ்சியிருக்கும். ஆனால் குளிர்ந்த முட்டை விஷயத்தை விடமாட்டேன்.

கொலோன்_அடுப்படி

நம்பாமல் சோதித்துப் பார்த்தேன், மன்னிக்கவும் அக்கா. இரண்டு கிண்ணம், இரண்டிலும் ஒரே மாவு, 100 கிராம் அளவில். ஒன்றில் மசாலா இல்லை, மற்றதில் பழைய விகிதத்தில் மசாலா. இரண்டையும் விளக்கு மட்டும் போட்ட ஓவனுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் மசாலா இல்லாதது இரண்டு மடங்கு. மற்றது ஒரு விரல் அகலம்கூட ஏறவில்லை.

சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் டோனட்டில் மசாலா மணக்க வேண்டுமே? வெறும் மேல்பூச்சு போதுமா? அப்புறம், எழும்பிய மாவையும் சுட்டுப் பார்த்தேன், ஓரம் காய்ந்து ரொட்டி மாதிரிதான் இருந்தது.

யாழ்_அடுப்பு

மணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், தாளிப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மசாலாக்களின் மணம் கொழுப்பில் நன்றாக இறங்கும். 60 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை, ஏலக்காய், சாதிக்காய் சேர்த்து ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். டோனட் ஓவனை விட்டு வந்தவுடன் சூட்டோடு இரண்டு பக்கமும் பூசி, 100 கிராம் சர்க்கரையில் இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூள் கலந்து புரட்டுங்கள். பொடித்த சர்க்கரை வேண்டாம், சூட்டில் உருகிப் பிசுபிசுத்துவிடும். சாதாரணச் சர்க்கரை போதும்.

பிள்ளைகளும் சாப்பிடுவதால் இன்னொன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் பட்டைத்தூள் பெரும்பாலும் காசியா என்ற வகை. அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு நல்லதில்லை. பொட்டலத்தில் சிலோன் என்று போட்ட கறுவா (பட்டை) வாங்குங்கள், அதில் கூமரின் மிகக் குறைவு. ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை, மணமும் மென்மை.

மாவுக்கை

காய்ந்து போவதற்கு நான் வருகிறேன். எண்ணெயில் பொரிக்கும்போது இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், கொஞ்சம் எண்ணெயும் உள்ளே போகும். ஓவனின் காற்று ஈரத்தை உறிஞ்சுகிறது, நீங்களோ 18 நிமிடம் உறிஞ்ச விட்டிருக்கிறீர்கள். மேல் கீழ் சூட்டில் 190 டிகிரி, 9 அல்லது 10 நிமிடம். உம்லுஃப்ட் என்றால் 20 டிகிரி குறைத்து 170. மேலே லேசாகப் பொன்னிறம் வந்தால் எடுத்துவிடுங்கள். அழகாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பிஸ்கட்தான். நடுப்பகுதியில் 90 டிகிரி இருந்தால் வெந்துவிட்டது.

அடுத்தது கூழ். அளவில் உள்ள மாவிலிருந்தே 25 கிராம், பாலிலிருந்தே 125 மி.லி. எடுத்து, அடுப்பில் கிளறிக் கூழ் பதத்துக்குக் காய்ச்சுங்கள். கரண்டி கோடு கிழித்தால் தடம் நிற்க வேண்டும், 65 டிகிரி பக்கம். ஆறவைத்து மாவில் சேர்த்துப் பிசையுங்கள். வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் மறுநாள்கூட மெத்தென்று இருக்கும். கூழ் போட்டால் பால் 20 மி.லி. கூட்டலாம். கையில் ஒட்டும், மேலும் மாவு தூவாதீர்கள். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்.

சர்க்கரையை 50 கிராமுக்குக் குறையுங்கள். மாவின் எடையில் 10 சதவீதம் தாண்டினாலே ஈஸ்ட் மந்தமாகும். வெளியே அவ்வளவு சர்க்கரை இருக்கிறதே.

வளையம் வெட்டியபின் மறுபடி எழும்ப விட மறக்காதீர்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி, கொஞ்சம் தடம் மிச்சம் இருக்க வேண்டும். உடனே குதித்து வந்தால் இன்னும் நேரம் கொடுங்கள்.

சோம்பேறி_சமையல்

நான் இருந்தால் ஈஸ்ட் பக்கமே போகமாட்டேன். பேக்கிங் பவுடர் போட்டு அச்சில் ஊற்றிச் சுட்டால் பட்டை எவ்வளவு போட்டாலும் பிரச்சினை இல்லை, அரை மணியில் வேலை முடிந்தது.

மாவுக்கை

உண்மைதான், ஆனால் அது வளைய வடிவக் கேக். பெர்லினர் (ஜாம் நிரப்பிய ஜெர்மன் உருண்டை டோனட்) தின்று வளர்ந்தவர்களிடம் அதை டோனட் என்று கொடுக்க நீங்களே போங்கள்.

கொலோன்_அடுப்படி

வியாழன் காலையில் எல்லாம் செய்ய நேரம் இருக்காது. முந்தைய இரவே செய்துவைக்கலாமா?

மாவுக்கை

சுட்டு வைக்காதீர்கள், சர்க்கரை ஈரம் இழுத்து ஒழுகும். வளையமாக வெட்டித் தட்டில் அடுக்கி, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் எழுந்தவுடன் வெளியே எடுத்தால் ஒரு மணி நேரத்தில் தயார்.

யாழ்_அடுப்பு

கார்னிவல் ஆயிற்றே, ஒன்றிரண்டை வளையம் வெட்டாமல் உருண்டையாகச் சுட்டு ஜாமுக்குப் பதில் கடுகு விழுது நிரப்புங்கள். இந்த நாட்டுக் குறும்பு அது. யாருக்கு விழும் என்று தெரியாமல் கொடுக்க வேண்டும்.

கொலோன்_அடுப்படி

வியாழன் இரவு எழுதுகிறேன். முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் வெளியே வைத்திருந்தேன் (ரொட்டிக்கார அண்ணாவுக்காக). மாவில் பட்டை அரைத் தேக்கரண்டி, கிராம்பு பூஜ்யம். புதன் மாலை ஒன்றரை மணியில் இரண்டு மடங்கு. காலையில் 170 டிகிரி உம்லுஃப்ட், சரியாகப் பத்து நிமிடம். வளையம் 22, உருண்டை 2. முதல் தட்டில் ஆறு மட்டும் கொஞ்சம் சப்பை, அவற்றை வெளியே எடுத்து அரை மணியிலேயே அவசரப்பட்டுச் சுட்டுவிட்டேன். வெண்ணெய் பூசும்போது எழுந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். அவருக்கு இரண்டு சப்பை.

11:30க்குத் தட்டு காலி. ஓவனில் சுட்டது என்று சொன்னபோது இரண்டு பேர் நம்பவில்லை. ஒருவர் மட்டும், இது பெர்லினர் இல்லை, பெர்லினில் இதைப் பெர்லினர் என்றே சொல்லமாட்டார்கள், அங்கே ஃபான்கூகன் என்று பாடம் எடுத்தார்.

கடுகு எங்கள் மேலாளருக்கு விழுந்தது. டையும் அவருடையதுதான் போனது.