ஜப்பானிய ஃபார்மில் 'ஸோஃபா' மட்டும் உடைகிறது

கேள்வி:
ஜப்பானில் உள்ள ஒரு ஃபர்னிச்சர் கடையின் பழைய ஆர்டர் ஃபார்ம் என் கைக்கு வந்திருக்கிறது. பக்கம் ஷிப்ட்-ஜிஸ் (ஜப்பானிய எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பழைய முறை). போன வாரம் அதை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியை 5.3-லிருந்து 7.4-க்கு மாற்றினேன். முதலில் பக்கமே குப்பையாகத் தெரிந்தது. பக்கத்தின் எழுத்துமுறையைச் சொல்லும் டிஃபால்ட் கேரக்டர்செட்டை ஷிப்ட்-ஜிஸ் ஆக்கியதும் சரியானது. இப்போது நாற்காலி, மேசை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகின்றன. கத்தகானாவில் (ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்று) 'ஸோஃபா' என்று அடித்தால் மட்டும் நடுவில் ஆங்கில 'டி' (t) எழுத்து முளைக்கிறது! இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

பதில் 1:
அந்த 'டி'யே காரணத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஷிப்ட்-ஜிஸ்ஸில் 'ஸோஃபா' 6 பைட்: 131 92, 131 116, 131 64. இந்த 92 தான் பேக்ஸ்லாஷ் (\) குறியின் எண்ணும். உங்கள் கோடில் பேக்ஸ்லாஷை நீக்கும் ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் கட்டளை இருக்கிறதா பாருங்கள். அது 92-ஐத் தூக்கிவிட்டால் மிச்சம் 131 131, 116, 131 64. அதாவது சின்ன 'யா', ஆங்கில 'டி', சின்ன 'ஆ'.

5.3-இல் மேஜிக் கோட்ஸ் என்ற பிஎச்பி வசதி, ஃபார்மில் வருகிற 92-க்கு முன்னால் தானாகவே ஒரு பேக்ஸ்லாஷைக் கூடச் சேர்க்கும், ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் அதை எடுக்கும், கணக்கு சரியாகிவிடும். 5.4-இல் மேஜிக் கோட்ஸையே நீக்கிவிட்டார்கள். எடுக்கிற வேலை மட்டும் மிஞ்சிவிட்டது. இழுப்பறை அலமாரிக்கான 'தன்ஸு'வைக் காஞ்சியில் (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள்) அடித்துப் பாருங்கள், அதன் முதல் எழுத்தும் 92-இல்தான் முடிகிறது.

இப்போதைக்கு அந்த வரியை எடுங்கள். ஆனால் தயவுசெய்து அதோடு விட்டுவிடாமல் எல்லாவற்றையும் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 எழுத்துமுறைக்குக் கொண்டுபோங்கள். அதில் ஜப்பானிய எழுத்தின் எந்த பைட்டும் 128-க்குக் கீழே வராது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், அதில் எழுத்துக்கு 4 பைட் வரை இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய 3 பைட் யூடிஎஃப்8-இல் சில காஞ்சிகள் அடங்காது.

பதில் 2:
பழைய டேட்டாவை மாற்றும்போது பழைய முறையின் பெயராக வெறும் 'எஸ்ஜிஸ்' (ஷிப்ட்-ஜிஸ்) என்று கொடுக்காதீர்கள், கூடுதல் எழுத்துகள் உள்ள விண்டோஸ் வகையான 'எஸ்ஜிஸ்-வின்' கொடுங்கள். நான் ஒருமுறை அசட்டையாக இருந்து, நடுவில் ஏணி போல இருக்கும் 'தகா' எழுத்தை வைத்துத் தகஹாஷி என்று எழுதுபவர்களின் பெயரெல்லாம் கேள்விக்குறியில் தொடங்கிவிட்டது. பேக்கப்பை வைத்து ஒவ்வொரு பெயராகத் திருத்தினேன். முதலில் பேக்கப் எடுங்கள்.

கேட்டவர்:
ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் மூன்று இடத்தில் இருந்தது அண்ணா! தன்ஸுவும் உடைந்துதான் இருந்தது. எடுத்ததும் இரண்டும் சரியாக வருகின்றன. பேக்கப் எடுத்தாயிற்று. கெட்டுப்போன ஆர்டர்களில் 131 131 116 வருகிற இடங்களைத் தேடி, நடுவில் 92-ஐத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.